பெரிய எழுத்தில் தொடங்கவும்

ஃபைல் பெயர்கள் எல்லாம் இனிமேல் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று மேனேஜர் ஆதிகேசவன் சொன்னதும், புரோகிராம் எழுதிய லீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன எழுத்திலேயே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

"பேரை மட்டும் மாத்தினா போதாது சார். புரோகிராமுக்குள்ள அந்தப் பேரைக் கூப்பிடுற இடத்தையெல்லாம் மாத்தணும்."

"அதுக்கெல்லாம் டைம் இல்ல. பாக்க ஒரு கெத்தா இருக்கணும், அவ்ளோதான்."

பெயர்களை மட்டும் மாற்றினாள். அல்சூர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான் என்பதால் எல்லாம் ஓடியது.

"பாத்தியா? சும்மா பயமுறுத்துற" என்று ஆதிகேசவன் சிரித்தார்.

"கிளையன்ட்டோட சர்வர் அப்படி இல்ல சார். அதுக்கு ரெண்டும் வேற வேற" என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை கிளையன்ட்டின் சர்வரில் ஏற்றினார்கள். ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. லண்டனிலிருந்த கிளையன்ட்டிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆதிகேசவன், முகத்தைத் துடைத்துக்கொண்டு லீனாவின் மேஜைக்கு வந்தார்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன். எல்லாப் பேரும் சின்ன எழுத்துலயே இருக்கட்டும். இது மொதல்லயே உனக்குத் தோணியிருக்க வேணாமா?"

லீனா பல்லைக் கடித்துக்கொண்டாள். பழைய ஃபைல்கள் ஒன்றுவிடாமல் அவளிடம் பத்திரமாக இருந்தன. திருப்பிப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?"

"திங்கக்கிழமை ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு விவேக் நகர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.