தண்ணீர் பட்டதும் பச்சை

மனைவி அம்மணி நிலத்துக்கு வருகிறேன் என்று சொன்னதே குப்புராஜுக்குப் பெரிய விஷயம். மகள் போனதிலிருந்து அந்த நிலத்தின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள் அவள். "அந்தப் பாழாப்போன மண்ணுதான எம் புள்ளய முழுங்கிச்சு" என்பாள். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியிருக்கிற அந்த நிலத்திலிருந்து முடிச்சூர் வீட்டுக்கு ஸ்கூட்டியில் திரும்பும்போதுதான் ஜீவிதாவை லாரி அடித்தது. பெற்றவள் யாரையாவது திட்டித்தானே ஆகவேண்டும்? லாரிக்காரன் அகப்படவில்லை, மண் அகப்பட்டது.

அந்த மண்ணும் ஏற்கெனவே செத்த மண்தான். லாரி லாரியாகக் கிராவல் மண்ணை வெட்டியெடுத்துக்கொண்டு அம்போவென்று விட்டுப்போன தரிசு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும், காற்றடித்தால் புழுதி கண்ணை நிறைக்கும். ஜீவிதா காலேஜில் ஆராய்ச்சி செய்தது இதற்குத்தான். கண்ணுக்குத் தெரியாத பாசி நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து மண்மேல் ஊற்றினால், அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மண்ணுக்கு ஒரு தோல் போட்டுவிடுமாம். தோல் ஈரத்தைப் பிடிக்கும், ஈரம் இருந்தால் புல் வரும். "காயத்துல பொருக்கு கட்டும் இல்ல, அந்த மாதிரிதாம்பா" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லி உயிரை வாங்குவாள்.

அவள் போனபிறகு காலேஜில் அவள் அலமாரியைக் காலி செய்து வேறு மாணவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது மொட்டைமாடியில் அவள் வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டிகள். குப்புராஜ் மறைமலை நகர்க் கம்பெனியில் காலமெல்லாம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாசியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மகள் செய்ததைப் பார்த்த கண் இருந்தது, அவ்வளவுதான். நிழல் கட்டி, தண்ணீர் விட்டுக் காப்பாற்றினார். "கொஞ்சம் கொஞ்சமா ஊத்தக் கூடாதுப்பா, மொத்தமா போடணும்" என்று அவள் சொன்ன ஞாபகத்தில், ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லாவற்றையும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் சுமந்துபோய்க் கடைசித் தொட்டிவரை அந்த மண்ணில் ஊற்றினார்.

மழை விட்டதும் பொருக்குப் பிடித்தது. காய்ந்தால் தார் சிந்தின மாதிரி கருப்பாகக் கிடக்கும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளிருந்து பச்சை ஏறி வரும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று குப்புராஜ் ஆளில்லாத அந்தப் பொட்டலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அதை ஒரே ஒரு தரம் அம்மணிக்குக் காட்டிவிட வேண்டும், அவள் கையாலேயே தண்ணீர் தெளிக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மகள் முழுசாகப் போய்விடவில்லை என்று அவளுக்கு வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. "தண்ணி தெளிச்சா பச்சயா வரும், வந்து பாரு மே" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

முதல் வருஷ தெவசம் முடிந்த மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். தூரத்திலிருந்தே நிலம் தெரிந்தது. வெள்ளையாக இருந்தது.

குப்புராஜுக்கு வண்டியை ஸ்டாண்டு போடக் கை வரவில்லை. "இன்னாமே இது?"

"நாந்தான்" என்றாள் அம்மணி. "நேத்து தெவசம் முடிஞ்சி எந்தம்பி லோகநாதன் வண்டில வந்தேன். உன்னாண்ட அழுதா நீயும் அழுவ, அதான் தனியா அழுதுட்டுப் போய்டலாம்னு. வந்து பாத்தா எடமெல்லாம் கருகருன்னு பாசி புட்ச்சி கீது. எம் புள்ள எடம் இப்பிடியா கெடக்கும்? ஒரு மூட்ட பிளீச்சிங் பவுடர் எடுத்தாந்து எங்கையாலயே தூவனேன். அவனக்கூட தொட வுடல."

அம்மணி தாம்பரத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் முழுகி வடிந்தபோது தெருத்தெருவாகப் பிளீச்சிங் பவுடர் தூவியவள், வீட்டுக்கு வந்து ஜீவிதாவின் பாயைச் சுற்றியும் தூவிவிட்டுத்தான் படுப்பாள். பிள்ளையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

குப்புராஜ் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அம்மணியின் முகத்தைப் பார்த்தார். ஜீவிதாவைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற முகம் அது. அவர் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அதற்குள் அவள் வண்டியில் மாட்டியிருந்த தண்ணீர்க் கேனைக் கழற்றிக்கொண்டு போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் ஊற்றி, கோலத்துக்கு வாசல் தெளிப்பதுபோலத் தெளித்தாள். குப்பென்று பிளீச்சிங் நெடி எழுந்தது.

"எங்கய்யா பச்ச?"

"வரும்."

இன்னும் தெளித்தாள். வெள்ளை கரைந்து, அடியில் பொருக்கு வெளுத்துப்போய்ச் சாம்பலாக உதிர்ந்தது.

"இந்த வாட்டி வெயிலு ஜாஸ்தி மே" என்றார் குப்புராஜ். "காஞ்சி பூட்டிருக்கும்."

அம்மணி உதிர்ந்ததை விரலில் எடுத்துப் பார்த்தாள். "அவ வளத்தாளே அந்த உயிரு, இந்தக் கருப்புதானா?"

அவர் கேனை வாங்கி மூடியைத் திருகினார்.

"கிருமி மாதிரிதாம்மா, ஆனா நல்ல கிருமின்னு சொல்லுவா. காதுலயே வாங்கல நான்."

"வுடு மே. வா, போலாம்."

"கிருமிக்கு இன்னா போடுவாங்கன்னு எங்கிட்டயே மறைக்கிறியாய்யா?" என்றாள் அம்மணி. "அதான என் வேல."

பிறகு அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. முந்தானையை விரித்துப்போட்டு, பவுடரை இரண்டு கையாலும் வழித்து வழித்து அதில் அள்ள ஆரம்பித்தாள். ஈரத்தில் குழைந்து கையெல்லாம் ஒட்டியது. பொருக்கும் சேர்ந்தே பெயர்ந்து வந்தது. குப்புராஜ் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினார். பவுடர் பட்டு விரலிடுக்கெல்லாம் சிவந்திருந்தது.

மகளுடைய மண்ணுக்கென்று கொண்டுவந்த தண்ணீரில் கேனின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை ஊற்றி அவள் கையைக் கழுவிவிட்டார்.