ஒற்றைச் செங்கல் சுவர்

அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஒரே காவல் படையில் வேலை. ஒரே வீட்டில் சாப்பாடு. சண்டையும் எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான்: யாருடைய துப்பாக்கி உசத்தி?

அவளுடையது பழைய கனத்த ரைஃபிள். தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். சுட்டால் தோள்பட்டை கன்றிப்போகும். அவனுடையது புதிதாக வந்த இலகு ரகம். குட்டையானது, சுடும்போது தோளில் உதைப்பதும் குறைவு. அவள் சுமக்கும் எடையில் அவன் இரண்டு மடங்கு தோட்டா வைத்துக்கொள்ளலாம். "உலக்கையைத் தூக்கிட்டு வேலைக்குப் போறது எங்க அண்ணி மட்டுந்தான்" என்று சாப்பிடும்போது சீண்டுவான். அவன் கையில் இருப்பது கொசு அடிக்கிற மட்டை என்பாள் அவள். மாமியார் ஒரு முறை முறைத்தால்தான் இருவரும் வாயை மூடுவார்கள்.

அன்று காலை ஒரு பெயின்ட் கிடங்கில், வேலையை விட்டு நீக்கப்பட்ட காவலாளி துப்பாக்கியோடு மாடி அலுவலகத்துக்குள் புகுந்துகொண்டான். படை போய் இறங்கியதும் முதலில் உள்ளே ஓடியவன் கொழுந்தன். முற்றத்தைப் பாதி கடப்பதற்குள் தொடையில் குண்டு பாய்ந்து, ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் சுருண்டு விழுந்தான். அவனை இழுத்துவரப் போன இருவரையும் மாடியிலிருந்து சுட்டு விரட்டினான் காவலாளி.

எதிர்க் கட்டடத்தின் மாடியிலிருந்து படை பதிலுக்குச் சுட்டது. காவலாளி அலுவலக ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இலகு ரைஃபிள்களின் குண்டுகள் அந்தச் சுவரில் பூச்சை உதிர்த்தன, செங்கல்லைக் கொத்தின, அதோடு சரி. இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"உன்னுது துளைச்சிட்டுப் போகும்ல? ஜன்னலுக்குக் கீழ அடி."

அவள் துப்பாக்கியை விளிம்பில் ஊன்றினாள். ஒற்றைச் செங்கல் சுவர். துளைக்கும், சந்தேகமில்லை. சுவரைத் துளைத்து, ஆளைத் துளைத்து, அதற்கப்பாலும் போகும். அந்த அறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கிடங்கு மேலாளரிடம் கேட்டாள். சரக்கு அறை, நடுவில் வெறும் ஒட்டுப்பலகைத் தடுப்பு என்றார் அவர். அதில் யாராவது இருக்கிறார்களா?

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

அந்த 'நினைக்கிறேன்' அவள் விரலைப் பிடித்து நிறுத்திவிட்டது. கீழே தள்ளுவண்டியடியில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது.

"அண்ணி, சீக்கிரம்" என்ற குரல் கேட்டது. இரண்டாம் முறை அது பாதியாகத் தேய்ந்திருந்தது.

அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முற்றத்திலிருந்து அண்ணாந்து சுட்டால் குண்டு கான்கிரீட் கூரையில் போய் முட்டும், பின் அறைக்குப் போகாது என்றாள். நீ இறங்கிப் போவதற்குள் அடிபட்டவன் செத்தே போவான் என்று இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். அவள் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

நீளக் குழல் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்தது. கேட்டைத் தாண்டிக் குனிந்து ஓடி, பெயின்ட் டப்பாக்களின் அடுக்குக்குப் பின்னால் விழுந்தாள். மேலிருந்து வந்த குண்டு ஒரு டப்பாவைக் கிழித்தது. வெள்ளைப் பெயின்ட் அவள் கைமேல் வழிந்தது. வழுக்கும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே சுவரைக் குறிபார்த்தாள். சுட்டாள். தோளில் இடி இறங்கியது. ஒரு செங்கல் இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்தது. மறுபடி சுட்டாள்.

உள்ளே இருமல் சத்தம். தன்னைக் காப்பாற்றுகிற சுவர் இல்லை இது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி முற்றத்தில் வந்து விழுந்தது. பின்னாலேயே தூசி படிந்த இரண்டு கைகள் ஜன்னலில் எழுந்தன.

கொழுந்தனைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் கண் மூடியிருந்தது. அவள் கூடவே ஓடப் பார்த்தாள். அதற்குள் மாடிப்படியில் இரண்டு பெண்கள், கூட்டுகிறவளும் கணக்கு எழுதுகிறவளும், கையைக் கோத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். சரக்கு அறையில் தடுப்புப் பலகையில் முதுகைச் சாய்த்து இவ்வளவு நேரமும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அண்ணி அங்கேயே பெயின்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கால் பிழைத்தது, ஆனால் ரத்தம் நிறையப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்த கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உத்தரவு போட்டாங்கல்ல. அப்புறமும் என்னை அப்படியே விட்டுட்டுக் கணக்குப் போட்டுட்டிருந்தீங்க."

"ஆமாம்ப்பா" என்றாள் அவள். அவள் நீட்டிய தண்ணீரைத் தொடாமல், நர்ஸிடம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

வாரம் திரும்பியதும் கணக்கு எழுதுகிறவள் அவனைப் பார்க்க வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, நன்றி சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்தாள். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டான் அவன். அவள் திரும்பி நின்று, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக் காட்டினாள்.

"பலகை இங்க. அந்தாளு அதுக்கு அந்தப் பக்கம், நேரா. இருமறதுகூடக் கேட்டுச்சு."

அவள் போனபிறகு கொழுந்தன் கட்டுப்போட்ட காலை இரு கையாலும் பிடித்து மெல்ல நகர்த்தினான். வாசலருகே நின்றபடியே இருந்த அண்ணிக்கு, கட்டிலோரமாக நகர்ந்து இடம் விட்டான்.

"உட்காருங்க அண்ணி. எவ்வளவு நேரம் நிப்பீங்க."