பின்கதவால் வந்த பதினான்கு பேர்

எங்கள் பொதுமண்டபத்துக்கு இரண்டு கதவுகள். முன்கதவுக்கு மேலே ஒரு நீலப் பதாகை தொங்கியது: "தனித்து வாழ்வோருக்கான புதன்கிழமை மதிய உணவு. அனைவரும் வருக." ஒருவரும் வரவில்லை. அதாவது, அந்தக் கதவால் வரவில்லை. முன்பக்க நிழலுக்குக் கழுதைகள் மட்டும் வந்து நின்றன. மனிதர்கள் எல்லாரும் பின்பக்கத்துக் குசினிக் கதவால் வந்தார்கள். பின்கதவால் வந்தால் சமைக்க வந்தவர். முன்கதவால் வந்தால் சாப்பிட வந்தவர். தலைமன்னார் பியரில் இந்த வித்தியாசத்தை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

திட்டத்துக்குப் பொறுப்பு நான். பெயர் செலீனா. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்துவிட்டுப் பென்சன் எடுத்தவள். ஊரில் என்னை மிஸ் என்பார்கள். ஒரு படிவத்தை எங்கே நிரப்புவது, எங்கே கையெழுத்து வைப்பது, எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்று தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். மன்னார் ரவுணிலிருந்து இந்தத் திட்டத்தை நடத்துகிற தொண்டு நிறுவனம் வந்து ஆள் கேட்டபோது மாதர் சங்கம் என்னைக் கைகாட்டியது அதனால்தான். நான் தனியாக இருக்கிறேன் என்பதற்காக இல்லை. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நிறுவனம் பெரிதாக ஒன்றும் தரவில்லை. இரண்டு அடுப்பு, ஒரு பெரிய சட்டி, பதினான்கு பிளாஸ்டிக் கதிரை, மாதம் ஒருமுறை பிறஷர் பார்க்க ஒரு நேர்ஸ். மிச்சத்தை வருகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும். அதில் ஒரு குறையும் இல்லை. இன்னொரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகத் தெரியாத சனம் மண்டபத்துக்கு மட்டும் வெறுங்கையோடு வருமா? தேங்காய் வரும், அரிசி வரும், முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக வரும். கரைக்குப் போய்க் கேட்டால் வள்ளக்காரர் மீன் தருவார்கள். எப்போதும் மீன்தான். கிறிஸ்தவ வேதக்காரரும் முஸ்லிம்களும் ஒரே சட்டியில் சாப்பிட மீனைப்போல வசதியான சாமான் கிடையாது. இறைச்சி என்றால் எந்தக் கடை என்று கேட்பார்கள். மீனை அப்படி ஒருவரும் கேட்பதில்லை.

இப்படியே ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஏழாம் மாதம் ஒரு புதன்கிழமை அஸீபா வந்தாள். நிறுவனத்தின் கள உத்தியோகத்தர், ஸ்கூட்டியில் வருகிற பிள்ளை. சாப்பிட்டு முடித்து, இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து என் பதிவேட்டைத் திறந்தாள். ஒரு பக்கத்தைப் பார்த்தாள், மறுபக்கத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, இதில தொண்டர் பதினாலு பேர் இருக்கிறாங்க. பயனாளி ஒருத்தரும் இல்லையே."

இல்லைத்தான். நான் படிவத்தில் பொய் எழுதுகிறவள் இல்லை. ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் எழுதினேன். சிங்கராசாவைக் கேட்டேன். ரெயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் ஒற்றையாக இருக்கிற மனுசன், இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது. தான் விறகு கொத்தித் தருவதற்காக வருவதாகச் சொன்னார். அவர் கோடரியைத் தூக்கினால் நாங்கள் எல்லாரும் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்போம். ஜுனைதீன் நானாவைக் கேட்டேன். முந்திப் பியரடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், மனுசி போனபின் கடையையும் மூடிவிட்டார். தனக்கு உப்புப் பார்க்கிற பொறுப்பு என்றார். ஒரு கறிக்கு நாலு தரம் உப்புப் பார்ப்பார், நாலாந்தரம் சோற்றோடு. மீன் வெட்டுகிற றஞ்சிதமும், சட்டிக்குப் பொறுப்பான உம்மு ஸல்மாவும், மற்ற ஒன்பது பேரும் இதே மாதிரித்தான். எல்லாரும் உதவிக்கு வந்தவர்கள். நானும் தொண்டர்தான். நான் தலைமைத் தொண்டர்.

அஸீபா சுற்றி வளைக்காமல் விசயத்தைச் சொன்னாள். வருகிற புதனுக்குள் பத்துப் பயனாளிகளின் பெயரும் காரணமும் கையெழுத்தும் வேண்டும். இல்லையென்றால் திட்டத்தை மூடி, அடுப்பையும் கதிரையையும் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். மண்டபத்தை ஐஸ் பெட்டி அடுக்கத் தரும்படி ஒரு மீன் முதலாளி ஏற்கெனவே மாதர் சங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை இல்லாத ஒரு கிழமையை நான் நினைத்துப் பார்த்தேன். செவ்வாய் முடிய வியாழன் வந்தது. அதற்குமேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே எல்லாரையும் இருத்தி, உண்மையில் தனிமையில் கஷ்டப்படுகிற ஆள் யார் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாங்கள் இல்லையாம். ஆனால் ஒரு ஆள் இருக்கிறதாம். பெயரைச் சொன்னால் அந்த ஆளுக்கு மனம் நோகுமாம். சரி, வாயால் சொல்ல வேண்டாம் என்று பழைய கலண்டர் தாளை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். அந்த ஆளின் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள், உங்கள் பெயர் வேண்டாம் என்றேன். சிங்கராசாவுக்காக ஜுனைதீன் நானா எழுதிக் கொடுத்தார். நானும் ஒரு துண்டில் றஞ்சிதம் என்று எழுதிப் போட்டேன். பாவம், புருசனும் இல்லை, ஒரே மகளும் முருங்கனில் கட்டிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, துண்டுகளை மேசையில் பரப்பினேன். பதினான்கு துண்டு. ஒன்று நான் எழுதியது. ஒன்றில் "கடவுளுக்குத் தெரியும்" என்றிருந்தது. மிச்சம் பன்னிரண்டிலும் செலீனா மிஸ் என்றிருந்தது.

தங்கள் பெயரை எழுதாமல் விட்டுவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் ஊரில் எல்லாருடைய கையெழுத்தையும் பார்த்தவள் நான். ஜுனைதீன் நானா எழுதியிருந்தார்: "எட்டு மணிக்கே வந்து பத்து மணி வரைக்கும் கதிரை துடைக்கிறா. மொத்தம் பதினாலு கதிரைதான்." றஞ்சிதம் எழுதியிருந்தாள்: "மிஸ் வீட்டில றேடியோவோட சண்டை பிடிக்கிறது றோட்டுக்குக் கேக்கும்." சிங்கராசா சொல்ல எழுதினது: "புதன் மட்டும் இல்லை, வியாழனும் வந்து மண்டபத்து யன்னல் பூட்டியிருக்கோ எண்டு பாக்கிறா. அது நல்ல யன்னல்." இன்னொரு துண்டில் காரணத்துக்கு நேரே, "நாங்கள் வராட்டி அவ என்ன செய்வா. அதுதான் வாறம்" என்றிருந்தது. உம்மு ஸல்மாவின் துண்டு கடைசியில் கிடந்தது. "மனிசன் மௌத்தாகி நாலு வருசம். அவ அழுது நான் ஒருநாளும் காணயில்ல."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஆறு மாதமாக இந்தச் சனத்துக்கு ஒரு நேரச் சாப்பாடாவது துணையோடு கிடைக்கட்டும் என்று நான் ஓடித் திரிகிறேன். இவர்கள் என்னை மேய்க்க வந்திருக்கிறார்கள். அந்த வியாழன் நான் யன்னல் பார்க்கப் போகவில்லை. யன்னலை யாரும் கழற்றிக்கொண்டு போனாலும் எனக்கென்ன. றேடியோவையும் போடவில்லை. றோட்டால் போகிறவர்கள் எதையும் கேட்கத் தேவையில்லை.

றேடியோ இல்லாமல் என் வீடு அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மத்தியானத்துக்குச் சூடைமீன் பொரித்து, சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, மேசையில் வைத்தேன். எதிரே, இறந்துபோன என் புருசனுடைய கதிரை. அதை நான் நாலு வருடமாக நகர்த்தவில்லை. நகர்த்த நேரம் கிடைக்கவில்லை என்றுதான் சொல்லி வந்தேன். அன்றைக்கு நான் அழுதேன். நன்றாக, மூக்கு வழிய, பொரியல் ஆறிப் போகுமட்டும் அழுதேன். அதற்காகவும் உம்மு ஸல்மாவில் எனக்குக் கோபம்தான்.

அடுத்த புதன் நான் எட்டு மணிக்குப் போகவில்லை. வேண்டுமென்றே பத்தரைக்குப் போனேன். திறப்பு என்னிடம் இருந்ததால் எல்லாரும் பின்கதவடியில் வெய்யிலில் நின்றார்கள். கதவைத் திறந்துவிட்டு, துண்டுகளை எடுத்து, காரணங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். றஞ்சிதம் பாரைமீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். உம்மு ஸல்மா தேங்காய் துருவினார். ஜுனைதீன் நானா இன்னும் அடுப்பில் ஏறாத கறிக்கு உப்பைத் தேடினார். நான் வாசித்து முடித்து, இங்கே நிற்கிற யாருடைய வீட்டில் ஆள் நிறைந்து வழிகிறது என்று கேட்டேன். சிங்கராசாவைப் பார்த்து, நீங்கள் தனிய இல்லையோ என்று நேராகவே கேட்டேன்.

அவர் கோடரியைக் கீழே வைத்தார். அது அவருடைய காலில் விழாதது பெரிய விசயம்.

"நானும் தனியத்தான் மிஸ். எனக்கு அது பழகிப் போச்சு. உங்களுக்கு இன்னும் பழகயில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

நான் போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் உரிக்கும்போது ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு அஸீபா வந்தாள். பயனாளிப் படிவத்தை மேசையில் விரித்து, பேனையை அதன்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பத்து வரி, பத்தும் வெறுமை. நான் போய் இருந்து, முதல் வரியில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு "வீட்டில் ஒருவரும் இல்லை" என்று எழுதினேன். தபால் கந்தோரில் ஆள் இல்லாத வீட்டுக் கடிதங்களில் நான் ஆயிரம் தரம் எழுதின வசனம் அது. என் பெயருக்கு நேரே எழுதினது அதுதான் முதல் தரம். கையெழுத்தும் வைத்தேன். பேனையை மேசையில் போட்டேன்.

அஸீபா படிவத்தைப் பார்த்து, ஒரு பெயரோடு திட்டம் ஓடாது அன்ரி என்று மெதுவாகச் சொன்னாள். தெரியும் என்றேன்.

அப்போது உம்மு ஸல்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். கையை முந்தானையில் துடைத்தார். என் தோளுக்கு மேலால் படிவத்தைப் பார்த்தார்.

"அவட பேர் இதில ஒத்தையா கிடக்குது புள்ள. அவவ அப்பிடித் தனிய விடேலாது" என்று அஸீபாவிடம் சொல்லிவிட்டு, இரண்டாம் வரியில் தன் பெயரை எழுதினார். காரணம் என்ற இடத்தில் மேலே இருக்கிறதேதான் என்று சொல்லி இரண்டு கோடு போட்டார்.

பிறகு றஞ்சிதம் வந்தாள். மீன் வெட்டின கையோடு வந்தாள், அந்த வரி முழுக்கச் செதில். ஜுனைதீன் நானா மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டதால் படிவத்தைத் தூரப்பிடித்து எழுதினார். சிங்கராசாவின் கையை நான் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன். அவர் இரண்டு வரியை அடைத்துக் கையெழுத்து வைத்தார். பத்து வரி போதவில்லை, அஸீபா இன்னொரு படிவம் எடுத்தாள். பதினான்கு பேரும் எழுதி முடிய அவள் பதிவேட்டைத் திறந்து, தொண்டர் பக்கத்தில் இருந்த பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் இருக்கக் கூடாதாம்.

இப்போது தொண்டர் ஒருவரும் இல்லை. ஆகக் குறைந்தது ஒருவராவது வேண்டும் என்று படிவத்தின் அடியில் போட்டிருந்தது. அஸீபா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தன் பெயரையே எழுதினாள். எழுதிவிட்டு, தொண்டர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஜுனைதீன் நானா அவளைக் கூட்டிக்கொண்டு போய் உப்புப் பார்க்க வைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் நான் யன்னல் பார்க்கப் போனேன். பின்கதவுப் படியில் உம்மு ஸல்மா இருந்தார். யன்னல் பூட்டியிருக்கோ எண்டு பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தன் என்றார். கொஞ்சம் செல்ல றஞ்சிதம் வந்தாள், அவளும் யன்னல் பார்க்கத்தான். ஜுனைதீன் நானா வந்தார். சிங்கராசா தட்டித் தடவிக்கொண்டு வந்தார், கையில் கோடரி. அவருக்கு யன்னல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. மண்டபத்தில் நாலு யன்னல். அதைப் பார்க்க ஏழு பேர் வந்து நின்றார்கள்.

முன்பக்கம் போய், கழுதையைத் தள்ளிவிட்டு, முன்கதவுப் பூட்டில் திறப்பைப் போட்டேன். அந்தப் பக்கம் ஒருவரும் வராததால் மாதக்கணக்காகத் திறக்காமல் விட்ட கதவு, உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சிங்கராசா கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார். நாங்கள் வழக்கம்போல விலகி நின்றோம். கதவு திறந்தது. அந்த நீலப் பதாகைக்குக் கீழால், ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உள்ளே போனோம். பிறகு நான் குசினிக்குப் போய், அடுப்பை மூட்டி, எட்டுப் பேருக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.