கவர் பிரிக்காத கதகதப்பு

சோபா வீட்டுக்குள் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடைக்காரன் சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே, மருமகள் அதன்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, நான்கு மூலையிலும் ஊக்கு குத்திவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் ஒழுங்காகப் போர்த்திக்கொண்டிருந்தது சோபா ஒன்றுதான்.

சோபாவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பளம் வந்தது, அழுக்காகிவிடும் என்று சுருட்டப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது. தடித்த திரைச்சீலை வந்தது, வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்று அலமாரிக்குள் போனது. பத்து நாளாகச் சூரியனையே காணோம், வெயிலாம்! ஹீட்டர் தன் அட்டைப்பெட்டிக்குள், தெர்மாகோலுக்கு நடுவே சொகுசாகப் படுத்திருந்தது. வீட்டு மனிதர்கள் மட்டும் ஈரம் ஏறிய தரையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "எப்பதான் பிரிக்கப்போறே?" என்று கேட்டால், "விருந்தாளி வரட்டும்" என்பாள். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள். நாயாவது அதை உருட்டி விளையாடும்.

அவளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு வேலை ஒரு சலவைக்கடையின் முன் மேசையில். பதினோரு வருஷமாகத் துணியை விரித்து, கறையைத் தேடி, சீட்டில் எழுதுகிறவள். டீ, மசி, எண்ணெய், ரத்தம், உதட்டுச் சாயம். சீட்டின் அடியில் 'கறை போகாவிட்டால் கடை பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கும். ஆயிரம் பேர் அழுததை அந்த மேசையில் நின்று பார்த்தவளுக்கு, புதுத்துணி என்றாலே கறை விழக் காத்திருக்கும் துணிதான்.

சாமான் வாங்கவைத்தது நாத்தனாரின் வாய். போன குளிருக்கு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைத்ததும் துள்ளினாள். "எங்கப்பாவை ஐஸ் பெட்டியிலயா வச்சிருக்கீங்க? அடுத்த குளிருக்கும் இந்த வீடு இப்படியே இருந்துச்சு, நான் அவரைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன், பாத்துக்கோ!"

மருமகள் அன்றைக்கே சாமான் வாங்கக் காசு சேர்க்க ஆரம்பித்தாள். 'மாமனாரை விரட்டிவிட்டாள்' என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. மாமனார் போய்விட்டால் அவளோடு பேச அந்த வீட்டில் ஆளில்லை. கணவனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருந்துக்கடையிலிருந்து வருவான், சாப்பிடுவான், போனைப் பார்ப்பான். அவனும் அங்கே ஒரு சாமான், கவர் மட்டும் கிடையாது. மாமனார் அப்படியில்லை. அவள் வேலை முடிந்து படியேறும்போதே, "இன்னைக்கு என்ன கறைம்மா?" என்று கேட்பார். அவள் சொல்வாள். வெள்ளைச் சட்டை, இடது பாக்கெட்டில் மசி. "பேனாவை மூடத் தெரியாதவன். வீட்டுக் கதவையும் பூட்டாம வந்திருப்பான்" என்பார். இருவரும் சிரிப்பார்கள். அந்த நாளில் அவளுக்கு நல்ல நேரம் அது ஒன்றுதான்.

அவர் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். முப்பது வருஷம் ஊரையே உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றவர். சோபா வாங்கக் கடைக்குப் போனபோது அவரையும் கூட்டிப்போனாள். இருபது சோபாவில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, சாம்பல் நிறத்தில் ஒன்றில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "இதும்மா" என்றார். அதைத்தான் வாங்கினாள். வாங்கிப் போர்த்தி வைத்தாள்.

குளிர் முற்றியதும் மாமனார் பகலில் வீட்டில் தங்குவதை விட்டுவிட்டார். காலை பத்து மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "நூலகத்துக்குப் போறேன்" என்று கிளம்புவார். மருமகள் வேலையிலிருந்து வந்த பிறகுதான் திரும்புவார், முகமெல்லாம் மலர்ந்து, கன்னத்தில் தையல் வரி பதிந்து. நேரே படுக்கப் போய்விடுவார். கறையைப் பற்றிக் கேட்பது நின்றே போனது. புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்குகிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். எந்தப் புத்தகத்துக்குத் தையல் வரி இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

நாத்தனார் வருகிறேன் என்று சொன்ன நாள் வந்தது. நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. மருமகள் லீவு போட்டாள், கணவனையும் போடவைத்தாள். மூன்று மணிக்குக் கவரைப் பிரிப்பது, மூன்றேகாலுக்குக் கம்பளத்தை விரிப்பது, மூன்றரைக்கு ஹீட்டரைப் போடுவது என்று கணக்காக வைத்திருந்தாள். கதகதப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயுள் தர அவளுக்கு மனசில்லை.

இரண்டு மணிக்கே கதவு தட்டப்பட்டது. கணவன் போய்த் திறந்தான். மருமகள் கட்டிலுக்கு அடியிலிருந்து கம்பளத்தைத் தவழ்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், கூடத்தில் நாத்தனார். அவள் கைப்பிடியில் மாமனார், திருட்டுத்தனமாகப் படம் பார்க்கப் போய்ப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல.

"நம்மப்பா எங்கே இருந்தார்னு கேளுடா!" என்று நாத்தனார் தம்பியைப் பார்த்துக் கத்தினாள். அவனைக் கேட்க விடாமல் தானே சொன்னாள். "உங்க வீட்டுக்கு ஒரு குஷன் வாங்கலாம்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சோபாக்கடைக்குப் போறேன். அங்கே சேல்ஸ்மேன் ஒரு ஜோடிக்குச் சோபா காட்டுறான். 'அந்த ஐயா மாதிரி சாஞ்சு உக்காந்து பாருங்க, தானா தூக்கம் வரும்'கிறான். யாருடா அந்த ஐயான்னு பாத்தா, நம்மப்பா! வாயைப் பொளந்துக்கிட்டு, குறட்டை விட்டுக்கிட்டு! பக்கத்துல விலைச்சீட்டு தொங்குது!"

மருமகள் கம்பளத்தை இழுப்பதை நிறுத்தினாள்.

"அந்த ஆளு சொல்றான், 'ஐயாவைத் தினமும் அனுப்புங்க மேடம், அவர் தூங்கறதைப் பாத்தே இந்த வாரம் நாலு சோபா வித்துப்போச்சு'ன்னு. டீ வேற வாங்கிக் கொடுக்கறானாம்!"

"மாமா..." என்று மருமகள் மெல்ல எழுந்தாள். "வீட்டுலயே அதே சோபா இருக்கே, மாமா."

மாமனார் ஊக்கு குத்திய விரிப்பைப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை. "இருக்கும்மா. ஆனா அங்கேதான் உக்காரச் சொல்றாங்க."

இதற்கு நாலு திட்டு திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். கம்பளத்தின் நுனியைப் பிடித்தபடியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"போதும்பா. பெட்டியை எடுங்க, என் வீட்டுக்குப் போகலாம்" என்றாள் நாத்தனார், வெற்றிக்கொடி நட்ட குரலில்.

மாமனார் அசையவில்லை. பயணியிடம் எங்கே இறங்கணும் என்று கேட்கிற நிதானத்தோடு கேட்டார்: "உன் வீட்டுல சோபா இருக்கா?"

"ஓ, இருக்கே! போன வருஷம்தான் வாங்கினோம்."

"மேலே என்ன போட்டிருக்கே?"

நாத்தனாரின் கொடி கொஞ்சம் சாய்ந்தது. "மேலே... ஒரு விரிப்பு. அதுக்குக் கீழே கவர். ரோட்டுத் தூசி என்னமா வருது தெரியுமா? பையன் கல்யாணம் வரட்டும்னு..."

"சரிதான்" என்றார் மாமனார். "நான் கடைக்கே போறேன்."

தம்பிக்காரன் முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தான். வைத்த கையோடு டீ போடச் சமையலறைக்குள் தப்பித்துக்கொண்டான். மருமகள் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். ஊக்கைக் கழற்றக்கூடப் பொறுமையில்லை. விரிப்பை இழுத்தாள், கிழிந்தது. பிளாஸ்டிக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டித் தள்ளினாள். சாம்பல் நிறச் சோபா, மூன்று மாதம் கழித்து முதல்முறையாக மூச்சுவிட்டது.

"உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். விளிம்பில் நாலு விரல் அகலம்தான். கணவன் நீட்டிய டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அங்கேதான் வினை. குளிரில் விறைத்த கை, புதுச் சோபா, தலைக்கு மேலே மூன்று ஜோடிக் கண். கோப்பை லேசாக ஆடி, டீ சொட்டியது. சாம்பல் துணியில் ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்பாகப் பரவியது.

மருமகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பதினோரு வருஷப் பழக்கம் முகத்தில் ஓடிவிட்டது. உதடு ஒரு நொடி கோணியது, அவ்வளவுதான். முப்பது வருஷம் பயணிகளின் முகம் பார்த்தே யார் சீட்டு எடுக்கவில்லை என்று கண்டுபிடித்த மனிதருக்கு அது போதாதா? கோப்பையைத் தரையில் வைத்தார். எழுந்தார். மப்ளரைத் தேடினார்.

"போகுமா அது?" என்று நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

"போகாது அண்ணி" என்றாள் மருமகள். "பால் டீ, இந்தத் துணியில. என் சர்வீஸ்ல சொல்றேன், சத்தியமா போகாது."

சொல்லிவிட்டுத் தன் கோப்பையை எடுத்தாள். ஒரு மடக்குக்கூடக் குடிக்காத முழுக் கோப்பை. அதை அப்படியே சோபாவின் மறுமூலையில் கவிழ்த்தாள்.

"அடிப்பாவி!" என்று அலறினாள் நாத்தனார். கணவன் "ஏய்!" என்றான். அவன் வாயிலிருந்து அந்த மாதத்தில் வந்த உணர்ச்சியான சொல் அது ஒன்றுதான்.

அந்தக் கறை துணிக்குள் இறங்கி, பஞ்சுக்குள் இறங்குவதை அங்குலம் அங்குலமாக மருமகளால் உணர முடிந்தது. இருந்தாலும் அந்த ஈரத்தின் மேலேயே போய் உட்கார்ந்தாள். சூடாகத்தான் இருந்தது.

"இப்ப உங்களோடது சின்னது, என்னோடது பெருசு" என்றாள். "உக்காருங்க மாமா. கறைக்குக் கடை பொறுப்பில்லை."

மாமனார் மப்ளரோடு நின்றார். கறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார், இந்தத் தடவை முதுகு முழுக்கச் சாய்த்து, காலை நீட்டி. நாத்தனாருக்கு நடுவில் இடம் காலியாகத்தான் இருந்தது. பட்டுப் புடவை பாழாகிவிடும் என்று அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டாள்.

மாமனாருக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. தூங்குவதற்கு முன் மருமகள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஆமா, இன்னைக்கு என்ன கறைம்மா?"