லிஃப்ட் விழாது

1

இந்தக் கதை நல்ல எண்ணத்தில் பிறந்தது அல்ல. முன்பின் பார்த்திராத ஒரு மனிதரைச் சந்தி சிரிக்க வைப்பதற்காக இதை எழுதத் தொடங்கினேன். ஒரு படத்தைப் பற்றி இணையத்தில் நடந்த சண்டையில் அவர் என்னிடம் தோற்றுப்போனார். தோற்றவரை அப்படியே விட்டுவிடுவதுதான் நாகரிகம். ஆனால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள முடியாவிட்டால் அது என்ன வெற்றி?

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அவன் ஒரு முட்டாள். முட்டாள்களுக்கே உரிய தன்னம்பிக்கையோடு அவன் தன் கைப்பேசியை எடுத்து"

அங்கேயே நின்றுவிட்டது. என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி, "உங்களைப் பத்தி எழுதுறீங்களா?" என்று கேட்டாள்.

[அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அது இன்னும் மோசம்.]

இரண்டாவது தொடக்கம் மழையில் ஆரம்பித்தது. கதைக்குள் எங்கேயும் மழை இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அதையும் அடித்துவிட்டேன். இது மூன்றாவது.

2

நான் பாடநூல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். பிழைதான் என் பிழைப்பு. இணையத்தில் என் பெயர் 'கூர்முனை'. இந்தப் பெயரை நானேதான் வைத்துக்கொண்டேன். வேறு யாரும் எனக்கு வைத்திருக்க வாய்ப்பில்லை.

ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஒரு படத்தில், வில்லனின் ஆட்கள் லிஃப்ட் கயிற்றை அறுத்துவிடுவார்கள். கதாநாயகனோடு லிஃப்ட் பத்தொன்பதாவது மாடியிலிருந்து விழும். அவன் இரண்டு கையையும் சுவரில் ஊன்றி அதை இரண்டாவது மாடியில் நிறுத்துவான். அந்தக் காட்சி சாமானிய மனிதனின் வீழ்ச்சியையும் எழுச்சியையும் குறிக்கிறது என்று நான் ஏழு பத்திகள் எழுதினேன். கீழே 'கீழ்த்தளம்' என்ற பெயரில் ஒருவர் வந்து எழுதினார்:

"கயிறு அறுந்தா லிஃப்ட் விழாதுங்க. ஒரு கயிறு இல்ல, நாலஞ்சு இருக்கும். எல்லாமே அறுந்தாலும் வேகம் கூடின உடனே அடியில இருக்கிற பிரேக் ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விக்கும். இருபது வருஷமா லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கேன்."

நன்றி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் எழுதியது: "கலை என்பது ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்காக எடுக்கப்படுவதில்லை."

அதன்பிறகு நாலு நாள். இரண்டாம் நாளே படம் மறந்துபோயிற்று. ஒருவர் வந்து, இந்த ஆட்சியில் எதுதான் விழவில்லை, லிஃப்ட் மட்டும் விழாதா என்றார். இன்னொருவர், போன ஆட்சியில் லிஃப்டே கிடையாது என்றார். இன்னும் ஐந்தே வருஷத்தில் லிஃப்ட் தானாகவே யோசிக்கும், மெக்கானிக்கும் வேண்டாம், பிழை திருத்துகிறவனும் வேண்டாம், படத்தைக்கூட இயந்திரமே எடுத்துக்கொள்ளும் என்று தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் எங்கள் இருவர் வயிற்றிலும் சேர்த்து அடித்தார். அந்த ஒரு விஷயத்தில் நானும் மெக்கானிக்கும் ஒரே கட்சியாகி அவரை விரட்டினோம். விரட்டி முடித்த கையோடு மறுபடி எங்களுக்குள் ஆரம்பித்தோம்.

நாலாம் நாள் முற்பகல் நான் கேட்டேன்: "லிஃப்ட் விழாது, விழாது என்கிறீர்களே, பிறகு லிஃப்டில் மனிதர்கள் எப்படித்தான் சாகிறார்கள்?"

பதில் வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். "ஓடிவிட்டார்" என்று போட்டேன். இருநூற்றுப் பதினான்கு பேர் விரும்பினார்கள். மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சாப்பிடுங்க" என்றாள்.

3

இனி அவர் கதை. அவரே பிறகு சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். அவர் மனசுக்குள் நான் புகுந்து பார்த்தது போலத் தோன்றும் இடங்களில், கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

மெக்கானிக்குக்கு நாற்பத்திரண்டு வயது. இருபத்தாறு கட்டடங்களின் லிஃப்ட்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். இருபது வருஷமாக ஜனங்கள் அவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எப்ப சரியாகும்? லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. சண்டையின் முதல் நாள், அவர் பிரேக்கைப் பற்றி எழுதியதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். அவர் அதை மனைவியிடம் காட்டினார், பட்டறைக்கு வந்த எலெக்ட்ரீஷியனிடம் காட்டினார். அன்றிலிருந்து கைப்பேசி கையை விட்டு இறங்கவில்லை. யாராவது அழைத்தால் எழுதிக்கொண்டிருப்பது திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதனால் வந்த அழைப்புகளையெல்லாம் துண்டித்துக்கொண்டிருந்தார்.

[இந்த இடத்தில் அவரைப் பொறுப்பில்லாதவராகக் காட்ட இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதே நாலு நாளில் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'இதயம்' என்பதை 'இதழியம்' என்று அச்சுக்கு அனுப்பியிருந்தேன் என்பது தெரியவந்ததும் கிழித்துப்போட்டேன்.]

நாலாம் நாள் முற்பகல் என் கேள்வியைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் ஒருவன் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டான். பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார்:

"நல்லாக் கேட்டீங்க சார். லிஃப்ட் விழுந்து யாரும் சாகிறதில்ல. லிஃப்ட் வந்து நிக்காத மாடியில கதவு திறந்துதான் சாகிறாங்க. அதுக்கும் மாடிக்கு மாடி பூட்டு இருக்கு. கதவு பூட்டலைன்னா லிஃப்ட் நகரவே நகராது. எவனாவது பொறுப்பில்லாத பய ஒரு துண்டு வயரைப் போட்டு அந்தப் பூட்டை ஏமாத்தினா மட்டும்தான்"

விரல் அந்த இடத்தில் நின்றது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. இன்னும் அவருடைய கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. பார்த்தேன்.

பதினோரு நாளைக்கு முன்னால், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு தேய்ந்துபோய் லிஃப்ட் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. புதுப் பூட்டு வர இரண்டு நாளாகும். கட்டடத்தில் எல்லோரும் நச்சரித்தார்கள். அவர் மேலே மெஷின் ரூமுக்குப் போய், அந்தக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கிறது என்று இயந்திரம் நம்பும்படி ஒரு துண்டு வயரைச் சொருகிவிட்டு வந்தார். இரண்டே நாள்தானே.

புதுப் பூட்டு வந்துவிட்டது. வந்து ஒரு வாரத்துக்கும் மேலாக அவருடைய பைக் பெட்டியிலேயே இருந்தது.

4

நான் "ஓடிவிட்டார்" என்று எழுதிய நேரத்தில் அவர் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தார். பைக்கை வாசலில் போட்டுவிட்டு மாடிப்படிகளில்.

மூன்றாவது மாடியில் ஒரு பிசியோதெரபி நிலையம். இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்டவர்கள் நடை பழகும் இடம். அங்கே அவர் கண்டது இதுதான்: வரவேற்பில் இருக்கும் பெண் தன் நாற்காலியை லிஃப்ட் கதவோடு ஒட்டிப் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நோயாளிகளின் பட்டியல். காலடியில் தொலைபேசி, ஒயர் நீளமாக இழுபட்டுக் கிடந்தது.

"வந்துட்டீங்களாண்ணா" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒன்பதரைக்கு ஒரு பெரியவர் கீழ போகலாம்னு வந்தார். கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறந்துடுச்சு. லிஃப்ட் வந்துடுச்சுன்னு வாக்கரை முன்னாடி வச்சார். நான் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்."

"அவரு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல. வாக்கர் மட்டும் விழுந்துச்சு. சத்தம் ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டுச்சு."

"மெயினை நிறுத்தச் சொல்லியிருக்கலாமேம்மா."

"மெஷின் ரூம் சாவி மேனேஜர்கிட்டயும் உங்ககிட்டயும்தான் இருக்காம். மேனேஜர் ஊர்ல இல்ல. உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணேன். மூணு தடவையும் கட் பண்ணீங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார். "நாற்காலியை மட்டும் வச்சா நகர்த்திட்டுப் போயிடுவாங்கண்ணா. ஆள் உட்கார்ந்திருந்தா நகர்த்த மாட்டாங்க. அதான்" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருந்தது.

ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை. இரண்டரை மணி நேரம்.

[வாக்கரோடு பெரியவரும் விழுவதாக ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். கனமாக இருந்தது, எனக்கே பிடித்தும் இருந்தது. மனைவி படித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள். "ஒருத்தரைக் கொன்னாத்தான் உங்களுக்குக் கதையா?" என்றாள். அந்த முடிவை எடுத்துவிட்டேன்.]

மெக்கானிக் மெஷின் ரூமுக்கு ஏறி மெயினை இறக்கினார், வயரைப் பிடுங்கினார். பிறகு அடித்தளத்துக் குழியில் இறங்கி வாக்கரை எடுத்தார். நாலு காலில் இரண்டு உள்பக்கமாக மடிந்திருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குழிக்குள்ளேயே நின்றாராம். என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் நினைக்கல சார். மூணு மாடின்னு நினைச்சேன்" என்றார்.

5

பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். உள்ளே ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

[அவர் கைப்பேசியில் அந்தப் படத்தின் லிஃப்ட் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தேன். பொய். அவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.]

லிஃப்ட் நின்றுவிட்டது, வாக்கர் போய்விட்டது. அவரால் படி இறங்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் காவலாளியும் பின்னால் மெக்கானிக்குமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வளைந்த வாக்கரோடு அந்தப் பெண் பின்னால் வந்தாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெரியவர் பேச ஆரம்பித்தார். "முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன் தம்பி. பிரேக் சந்தேகமா இருந்தா வண்டியை எடுக்கவே மாட்டேன். டிப்போல என்னை எல்லாரும் சண்டைக்காரன்னுதான் சொல்லுவாங்க."

"சரிங்கய்யா."

"அது எப்படித் தானாத் திறந்துச்சு?"

மெக்கானிக்கின் முகத்துக்கு நேராகப் பெரியவரின் பிடரி இருந்தது. நரைத்த முடி, மடிந்த சட்டைக் காலர். காலருக்குக் கீழே தையல் பிரிந்திருந்தது, அவள் பிடித்து இழுத்த இடம்.

"பழசாயிடுச்சுய்யா" என்றார்.

"நானுந்தான் பழசு" என்றார் பெரியவர். காவலாளி சிரித்தான். பின்னால் வந்த பெண் சிரிக்கவில்லை.

6

அன்று மாலை எனக்கு ஒரு தனிச்செய்தி வந்தது. "ஓடல சார். வேலை வந்துடுச்சு." நான் ஒரு சிரிக்கும் முகத்தைப் பதிலாக அனுப்பினேன். அதன்பிறகு நடந்ததையெல்லாம் துண்டு துண்டாக எழுதினார். நான் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பாதியில் மனைவி, "என்ன ஆச்சு, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

என்னுடைய "ஓடிவிட்டார்" பதிவை உடனே அழித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை.

[மறுநாள் அழித்தேன். இருநூற்று முப்பத்தொரு விருப்பம் ஆன பிறகு.]

அதிலிருந்து மூன்றாம் நாள், ஞாயிறு காலை, அவருடைய பட்டறைக்குப் போனேன். இணையத்தில் அவர் குரல் கணீரென்று இருந்தது. நேரில் மெல்லப் பேசுகிறவர். நான் மன்னிப்புக் கேட்டேன். "நானும் உங்களை என்னென்னமோ சொன்னேனே சார்" என்றார். பிறகு நீளமான ஒரு பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்தக் கட்டடத்து லிஃப்டின் பராமரிப்புப் பதிவேடு அது. தேதி, பழுது, காரணம், செய்த வேலை, புகார் கொடுத்தவர் கையெழுத்து. புதுப் பூட்டு மாட்டியாகிவிட்டது, மற்ற கட்டங்களையும் நிரப்பிவிட்டார். காரணம் மட்டும் காலி.

"அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் மெயினை ஏத்த முடியும். 'காரணம் எழுதிட்டுக் கொண்டாங்கண்ணா, படிச்சுட்டுப் போடுறேன்'னு சொல்லிடுச்சு. மூணு நாளா எல்லாரும் படியேறுறாங்க. அந்தப் பெரியவர் பயிற்சிக்கே வரல."

"உண்மையை எழுதிடுங்களேன்."

"எழுதினா வேலை போயிடும் சார். அதைக்கூட விடுங்க. எப்படி எழுதுறதுன்னே தெரியல. நாலு நாள் எனக்கு எதிரா அவ்வளவு எழுதினீங்களே. எனக்காக ஒரு வரி எழுதிக் குடுங்க."

பேனாவை வாங்கினேன். தனித் தாளில் எழுதிப் பார்த்தேன்.

'பூட்டுத் தேய்மானம்.' படித்துவிட்டு, "இதை நானே எழுதியிருப்பேனே சார்" என்றார்.

'மனித உழைப்பின் மீது சமூகம் சுமத்தும் இடைவிடாத அவசரம் காரணமாக...' அவர் முழுதும் படிக்கவில்லை. "கட்டம் சின்னது சார்" என்றார்.

மூன்றாவது: 'பூட்டுக்குப் பதிலாக வயர் போட்ட மெக்கானிக், அதை மறந்து இணையத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.'

இதை இரண்டு முறை படித்தார். "இது சரி" என்றார். பிறகு, "யாரோடன்னு எழுதலாமா?" என்று கேட்டார்.

பேனாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் தள்ளினார்.

7

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதிவிட்டேன். ஒன்றில் அவர் உண்மையை எழுதுகிறார், வேலை போகிறது, படிப்பவர்களுக்குக் கண் கலங்குகிறது. ஒன்றில் தேய்மானம் என்று எழுதுகிறார், அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுகிறாள், லிஃப்ட் ஓடுகிறது. இன்னொன்றில் என் பெயரும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. அதைத்தான் சீக்கிரமாக அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒதுங்கிக்கொள்கிறேன். நீங்களும் ஏதாவது ஒரு சண்டையில், ஏதாவது ஒரு அழைப்பைத் துண்டித்தவராகத்தான் இருப்பீர்கள். கட்டம் இரண்டு விரல் அகலம், ஒரு வரிதான் பிடிக்கும். எழுதுங்கள். எழுதி முடித்ததும் பதிவேட்டை மூன்றாவது மாடிக்கு எடுத்துப் போகவேண்டும், படியேறித்தான். அங்கே அவள் அதை வாங்கி, முதல் எழுத்திலிருந்து நிதானமாகப் படிப்பாள்.