குளத்துத் தண்ணீர் ஒரு செம்பு

1

இந்தக் கதை ஒரு நிறத்திலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு ஏதாவது காரணம் காட்டுவேன், நம்பாதீர்கள். போன சித்திரையில் தென்காசிக்குப் போகும் ரயிலில், சங்கரன்கோவில் வருவதற்குச் சற்று முன், ஜன்னலுக்கு வெளியே ஒரு குளம் தெரிந்தது. அதில் இருந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. யாரோ பச்சைப் பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து, கம்பால் கலக்கி, பாதியில் விட்டுப் போனது மாதிரி இருந்தது. கரையோரம் ஓர் ஆடு கால் நீட்டிப் படுத்திருந்தது. தூங்குகிறதா என்று பார்ப்பதற்குள் கருவேல மரங்கள் மறைத்துவிட்டன.

எதிர் சீட்டில் இருந்தவர், "எவனோ மருந்தக் கலக்கிட்டான் சார்" என்றார்.

அவ்வளவுதான். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் பொதுவாகக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த 'எவனோ' என்னோடு சேர்ந்து ஸ்டேஷனில் இறங்கிவிட்டான்.

2

முதல் வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

'கனகலட்சுமியின் ஆடுகள் எல்லாம் ஒரே காலையில்—'

(வேண்டாம். சாவில் தொடங்கினால் வாசகர் உடனே கொலைகாரனைத் தேடுவார். ஊரும் அதைத்தான் செய்தது.)

'ராயகிரிப் பக்கம் ஓர் ஊர். அந்த ஊர்க் குளத்தின் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் கடையநல்லூர்க்காரன். பெயர் அல் அமீன். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, கையில் இருந்ததை எல்லாம் இந்தக் குளத்தில்தான் விட்டிருந்தான்.'

இது சரளமாக வந்தது. சந்தேகப்படும் அளவுக்குச் சரளமாக. அப்போதைக்கு அப்படியே விட்டுவைத்தேன். (ரயிலில் பார்த்த குளம் ராயகிரிப் பக்கம் இல்லை. நான்தான் நகர்த்தி வைத்தேன். நிஜமான குளத்தின் ஆட்கள் இதைப் படித்துவிட்டு யாரையாவது தேடிப் போகக்கூடாது.)

3

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் சந்தேகங்கள் காத்திருக்கட்டும்.

மழை தப்பிய வருடம். குளம் பாதிக்கும் கீழே வற்றிக் கிடந்தது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் பச்சையானது. பிறகு மேலே ஆடை கட்டியது. காற்று தள்ளிய பக்கமெல்லாம் அந்த ஆடை ஒதுங்கும். பெரும்பாலும் மடைப் பக்கம். குளித்தவர்களுக்கு உடம்பில் தடிப்பு வந்தது. கனகலட்சுமியின் மகளுக்குக் கழுத்திலிருந்து முதுகு வரை. தோலில் எது வந்தாலும் இந்தப் பக்கத்தில் செய்வதை அவளும் செய்தாள். சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய், கோவிலில் புற்றுமண் வாங்கிவந்து, குழைத்து மகளுக்குப் பூசினாள். மண் காய்ந்ததும் கழுவிவிடக் குளத்துக்கே கூட்டிப்போனாள். மறுநாளும் பூசினாள், மறுநாளும் அங்கேயே கழுவினாள்.* தடிப்பு புண்ணானது.

* மண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. சரிதான், மண் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரையும் யாரும் சந்தேகப்படவில்லை. தண்ணீரில் 'போட்டவனை'த்தான் தேடினார்கள்.

பிறகு ஆடுகள். மடைப் பக்கம் குடித்தவை வீடு வந்து சேரவில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். "பாசி விஷமா இருக்கலாம். தண்ணிய பாட்டில்ல அனுப்புதேன். ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் யாரும் குளத்துல எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிசல்ட் வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை.

ஊர்த் தலைவர் பெத்துராஜுக்கு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. தறிச் சத்தத்தில் பேசிப் பேசி வெளியிலும் அதே சத்தத்தில் பேசுவார். "பாசியா? எங்க அய்யா காலத்துல இருந்து இங்கன பாசி கெடக்கு. அப்பல்லாம் ஆடு செத்துச்சாவே?"

இன்னொன்று. குளத்துக்குள் இருக்கும் உறைகிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றி, தெருக்குழாயில் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரிலும் ஒரு மக்கிய வாடை வந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, "டேங்க் கழுவல போல" என்று பிடித்துக்கொண்டு போனார்கள். (இந்த இடத்தை அடித்துவிடப் பார்த்தேன். கதைக்குத் தேவையில்லை என்று தோன்றியது. எனக்கு ஏன் அப்படித் தோன்றியது?)

4

கரையில் ஊர்க்காரர்களுக்கும் அல் அமீனுக்கும் நடந்த பேச்சு இது. இதை மட்டும் நான் திருத்தவில்லை.

"வே பாய், விடியக்காலம் மூட்டை மூட்டையாக் கொட்டுதீரே, அதுல என்னவே இருக்கு?"

"கோழி எரு அண்ணாச்சி. மீனுக்குத் தீனி. போன வருசமும் போட்டேன்லா? நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்திய."

"போன வருசம் ஆடு சாவலியே."

"போன வருசம் மழை பெஞ்சிச்சே."

"ஏ, வக்கீலப் பாருங்கப்பா! மழை மேல கேஸ் போடுதாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அல் அமீனும் சிரித்தான். பிறகு, சிரித்த தைரியத்தில் ஒரு வார்த்தை கூடப் பேசிவிட்டான். "எரு மட்டுமா அண்ணாச்சி விழுது? ஊர்ச் சாக்கடையும் அங்கனதான வந்து சேருது. மேல வயல்ல போடுத யூரியாவும் இங்கனதான வடியுது."

சிரிப்பு நின்றது.

"எங்க ஊர்ச் சாக்கடையப் பத்திப் பேச நீரு யாருவே?"

கவனியுங்கள், அவன் சுத்தமானவன் என்று நான் எழுதவில்லை. எரு அதிகமானாலும் இந்தப் பாசி கொழுக்கும். அவன் பங்கும் அந்தப் பச்சையில் இருக்கிறது. எவ்வளவு பங்கு என்பதை அந்த பாட்டிலாலும் சொல்ல முடியாது.

5

இப்போது என் சந்தேகம். அல் அமீனை வெளியூர்க்காரன் ஆக்கியது யார்? ஊரா? நான்தான். ரயிலில் வந்த 'எவனோ'வுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கை தானாகப் போய் ஒரு பெயரை எடுத்தது. பெத்துராஜின் கை போன அதே பக்கம்.

திருத்திப் பார்த்தேன். குத்தகைக்காரனை உள்ளூர்க்காரன் ஆக்கி, சண்முகையா என்று பெயர் வைத்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். ஊர் சண்முகையாவைத் திட்டியது. சண்முகையா ஊரை அதைவிட நன்றாகத் திட்டினான். சாயங்காலம் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி, திருவேங்கடத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார்கள். கதை முடிந்துவிட்டது. யாரும் செம்பில் அள்ளிக் குடித்துக்காட்டச் சொல்லவில்லை.

அதனால் அல் அமீனையே திரும்பக் கூப்பிட்டேன். அவனுக்கு இது பிடித்திருக்காது.

6

செம்பு இப்படி வந்தது. ஆடுகள் செத்த வாரத்திலேயே ஊர் கரையில் கூடியது. பெத்துராஜ் முடிவைச் சொன்னார்.

"நீரு ஒண்ணும் கலக்கலைன்னா, இதுல ஒரு செம்பு அள்ளிக் குடியும். அதோட பேச்சு முடிஞ்சுது. மீனப் புடிச்சிக்கிடும். குடிக்க மாட்டீருன்னா வலையச் சுருட்டிட்டுக் கெளம்பும்."

அல் அமீன் செம்பைப் பார்த்தான். காலையில் போனில் அவன் மனைவி சாஜிதா பானு சொல்லியிருந்தாள்: "மீனு போனாப் போவுது. அங்கன ஒரு வாய் தண்ணி வாயில வைக்காதீய."

"குடிச்சுச் செத்தா நான் வெசம் கலக்கினவன். குடிக்கலைன்னாலும் கலக்கினவன். இது என்ன கணக்கு அண்ணாச்சி?"

"மொதல்ல குடியும்வே. கணக்கெல்லாம் பொறவு."

7

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அவன் படித்துறையில் அள்ளுகிறான். காற்று பாசியை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது. குடிக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. ஊர் கை தட்டுகிறது. மறுநாள் எல்லோரும் ஆடுகளைக் குளத்துக்கு ஓட்டிவருகிறார்கள். (இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனால் கிழித்துவிட்டேன்.)

மடைப் பக்கம் அள்ளுகிறான். குடிக்கிறான். அவன் தொண்டை ஒரு முறை ஏறி இறங்க—

மூன்றாவது, கனகலட்சுமி செம்பைத் தட்டிவிடுகிறாள். எனக்கு இது பிடித்திருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுதும்போதே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆட்டப் பறிகொடுத்தவ நானு. பிள்ளைக்கு முதுகு ரணமாக் கெடக்கு. நான் எதுக்குத் தட்டிவிடணும்? அவரு நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது. ஒமக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

8

பேனாவைத் திறந்தபோது அவள் செம்பைக் கையில் எடுத்திருந்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை. கரையிலிருந்து ஊர்ப் பக்கமாக இறங்கி நடந்தாள்.

"ஏட்டி கனகு, குளம் இங்கன கெடக்கு. அங்கன எங்க போற?" என்றார் பெத்துராஜ்.

ஊர் பின்னாலேயே வர, அவள் தெருக்குழாயடியில் நின்றாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் முதலில் இருந்த குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுச் செம்பை வைத்தாள்.

"இதும் அந்தத் தண்ணிதான மாமா? உறைகிணறு குளத்துக்குள்ளதான இருக்கு?"

"அதுல ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்குட்டி."

"அப்ப யாரு வேணாலும் குடிக்கலாம்லா?"

ஒவ்வொருவர் கண்ணும் வரிசையில் தன் வீட்டுக் குடத்தைத் தேடியது.

செம்பு நிறைந்துவிட்டது. அவள் எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். யாரிடம் நீட்டப்போகிறாள்? அல் அமீன் கரையிலேயே நிற்கிறான். அவனுடைய வலை பாதி சுருட்டியபடி கிடக்கிறது. பெத்துராஜ் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். நான் அவள் கையை எந்தப் பக்கம் எழுதினாலும், அது அவள் கையாக இருக்காது. ஆகவே எழுதவில்லை.

கூட்டத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறேன். இவ்வளவு நேரமும் கரையில் நின்று யார் குற்றவாளி என்று பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், ஓர் எட்டு முன்னால் வந்தால் செம்பு கைக்கு எட்டும். குடிக்கச் சொல்லவில்லை. முகர்ந்து பாருங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தச் சொல்வீர்களோ, செம்பைக் கரைப் பக்கமாகக் கைமாற்றி விடுவீர்களோ, 'டேங்க் கழுவல போல' என்பீர்களோ—

சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்குப் பின்னால், நகர்த்திவைத்த குடத்தை யாரோ மறுபடி குழாய்க்கு நேரே இழுத்து வைத்துவிட்டார்கள். அது நிறைந்துகொண்டிருக்கிறது.