இடைவேளையோடு எழுந்துபோனவரின் விமர்சனம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவர் விக்ரமன். இதை எழுதிக்கொண்டிருப்பவரும் அவர்தான். தன்னை 'அவர்' என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும் என்று நினைக்கிறார். இருக்கட்டும், விடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு இருபது வருடமாக நம்மவர் படங்களையும் நம்மவர் பாட்டுகளையும் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். நம்மவர் படைப்பை விமர்சிக்க நம்மிடையே ஒரு முறை உண்டு: திட்டக் கூடாது. லீவு போட்டு, சொந்தக்காரரைக் கெஞ்சி நடிக்க வைத்து எடுத்த படத்தை எந்த வாயால் திட்டுவது? ஆகவே, 'முயற்சி பாராட்டுக்குரியது'. 'இசை படத்துக்குப் பலம்'. (இந்த இரண்டு வரியையும் எத்தனை தடவை எழுதினோம் என்று எண்ணிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது, பாதியில் விட்டுவிட்டார்.)

2

முதல் தொடக்கம்: 'வெள்ளவத்தைக் கடல் அன்று மாலை...'

வேண்டாம். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது தொடக்கம்: ஏழு வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அனுஷியா என்ற இளம்பெண் தன் முதல் படத்தைத் திரையிட்டாள். ஒரேயொரு தடவைதான் திரையிடல். இடைவேளையில் விக்ரமன் எழுந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் அதே நேரம் ஓர் இசை நிகழ்ச்சி. அதைப் பற்றியும் எழுத வேண்டும்.* மறு வாரம் பத்திரிகையில் இப்படி வந்தது: 'கடைசிக் காட்சியில் மண்டபமே கண்கலங்கியது.'

சரி, இதுவே தொடக்கமாக இருக்கட்டும்.

* அங்கேயும் பாதியில்தான் போய்ச் சேர்ந்தார். அதுவும் பாராட்டுக்குரியதாகவே அமைந்தது.

3

போன மாதம் அனுஷியா தொலைபேசியில் அழைத்தாள். ஹெந்தளையில் அவள் வீட்டுக்குள் வெள்ளம் வந்து, படம் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம். வேறு பிரதி இல்லை. அடுத்த படத்துக்குக் கதை எழுதி வைத்திருக்கிறாள். எடுப்பதா, விடுவதா என்றுதான் தெரியவில்லை.

"அண்ணா, கடைசிக் காட்சியில வாத்தியம் ஒண்டும் இல்லாம நானே பாடினனான். அண்டைக்குப் படம் ஓடேக்க பயத்தில மண்டபத்துக்குள்ள வரேல்ல, வெளியிலயே நிண்டிட்டன். சொந்தக்காரரைக் கேட்டா எல்லாரும் சுப்பர் எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் எழுதினனீங்கள். உண்மையா அழுதவையா? இல்லாட்டிச் சிரிச்சவையா?"

"நேரில கதைப்பம்," என்றார் விக்ரமன்.

(இப்படியும் ஓர் அப்பாவி இருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். எழுதும்போது விக்ரமனுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.)

அன்றிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ பாட்டுகளைக் கேட்டு மறந்த மனுஷர். கேட்காத ஒன்றுக்காக மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இனி அதை எங்கே போய்க் கேட்பார்?

4

முடிவு ஒன்று: 'அழுதார்கள்' என்கிறார். அவள் அடுத்த படத்தை எடுக்கிறாள். எல்லோருக்கும் சந்தோஷம், அவரைத்

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். அவள் எழுந்து போகிறாள். அத்தோடு அந்தப் படமும்

இரண்டையும் எழுதி முடிக்க முடியவில்லை, ஏனென்றால் நடந்தது வேறு. வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில், பிளேன்டீ ஆற ஆற, விக்ரமன் எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும் அண்ணா," என்றாள் அனுஷியா. "நீங்கள் இறங்கிப் போகேக்க நான் படியிலதான் நிண்டனான். 'கொஞ்சம் தள்ளுங்கோ தங்கச்சி, பஸ் போயிடும்' எண்டு என்னட்டத்தான் சொன்னனீங்கள்."

"பிறகேன் என்னட்டக் கேட்டனீங்கள்?"

"வேற ஆரும் எழுதேல்லையே. உள்ளுக்கு இருந்த ஆராவது சொல்லித்தான் அப்பிடி எழுதினீங்களோ எண்டு ஒரு நப்பாசை."

யாரும் சொல்லவில்லை. அதையும் அவர் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

5

ஆகவே, முடிவு விக்ரமனிடம் இல்லை. அவர் போன பிறகும் அந்த மண்டபத்தில் நூறு பேர் வரை இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இதை வாசிக்கக்கூடும். நீங்கள்தானா? அவள் பாடியபோது என்ன நடந்தது? அழுதீர்களா, சிரித்தீர்களா, கொட்டாவி விட்டீர்களா? எதுவென்றாலும் அவள் தாங்குவாள். தெரியாமல் இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கடைசிவரை இருந்திருந்தால் மட்டும்.